மூங்கில் பிரேம் போடிமெட்டு இறங்குமா?

மூங்கிலில் சைக்கிள் பிரேம் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியும். நூற்று முப்பது வருடத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள். ஆள் ஏறினால் தாங்குமா என்றால், மூங்கில் தாங்கும். ஒரு மூங்கிலும் இன்னொன்றும் சேருகிற மூட்டு தாங்குமா, வெட்டிய கம்பு சரியாகக் காய்ந்ததா என்ற இரண்டில்தான் விவகாரம் இருக்கிறது. போடிநாயக்கனூர்க்காரர் இந்த இரண்டையும் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கறாராகக் கேட்க வேண்டும். ஊர் மழைமறைவில் காய்கிறது. நிமிர்ந்து பார்த்தால் தெரியும் ஏலமலையிலோ வருடத்தில் பாதி நாள் மேகம் தரையில் படுத்துக் கிடக்கிறது. இரும்புக்கு இந்த வித்தியாசம் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். மூங்கிலுக்கு வாழ்வா சாவா என்பதே இதில்தான் இருக்கிறது.

முதலில் மூங்கில் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடலாம். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். அலுமினியம் 2.7. நன்றாகக் காய்ந்த மூங்கில் 0.6 முதல் 0.8 வரை. ஒரு பொருளை வளைக்கப் போனால் அது எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதைப் பொறியாளர்கள் கிகாபாஸ்கல் என்ற அலகில் அளக்கிறார்கள். எஃகு 200, அலுமினியம் 70, மூங்கில் நார் ஓடும் திசையில் 15 முதல் 20 வரை. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் மூங்கில் எஃகுக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் விறைப்பை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் விடை ஏறத்தாழ 25 என்றே வரும். கிலோவுக்குக் கிலோ வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே தரம்.

அதற்கு மேல் மூங்கிலுக்கு ஒரு சலுகையும் உண்டு. குழாய் பருமனாக ஆக, வளைவது வேகமாகக் குறையும். இரும்பில் எடை ஏற்றாமல் குழாயைப் பருமனாக்க வேண்டுமானால் சுவரை மெலிக்க வேண்டும். மிகவும் மெலித்தால் தகர டப்பாபோல நசுங்கும். மூங்கிலோ பருமனாகவும், உள்ளே வெற்றிடமாகவும், நசுங்காதபடி கணுவுக்குக் கணு தடுப்புச் சுவரோடும் தானாகவே வளர்கிறது. குழாய் ஆலைக்காரர் எவ்வளவு செலவழித்தாலும் உள்ளே இப்படித் தடுப்பு வைக்க முடியாது. ஒரு நல்ல மூங்கில் பிரேம் 2 முதல் 3 கிலோவுக்குள் முடிந்துவிடும். சுமாரான அலுமினிய பிரேமின் எடையும் அதுதான். நம் ஊர் பழைய கறுப்பு சைக்கிள் முழு வண்டியாக 20 கிலோ வரும். அதோடு ஒப்பிட்டு மூங்கில் வண்டியின் லேசைப் புகழ்கிறவர்கள், அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு ரிம், கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் ஆகியவற்றிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஓட்டும்போது அதிர்வு குறைவு என்பதும் பெருமையாகச் சொல்லப்படும். பொய்யில்லை, நாரும் நாரைப் பிடித்திருக்கும் பசையும் சேர்ந்த பொருள் அதிர்வை உலோகத்தைவிடச் சீக்கிரம் அடக்கும். ஆனால் டயரை ஒரு சுற்றுப் பருமனாக மாற்றி, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் அதைவிட அதிக சுகம் கிடைக்கும். இந்த ஒன்றுக்காக யாரும் பிரேம் மாற்ற வேண்டியதில்லை.

இனி பலவீனம். மூங்கிலின் நார் எல்லாம் நீளவாக்கில் ஓடுகிறது. அந்தத் திசையில் இழுத்தால் அசையாது. நாரை நாரிலிருந்து பிரித்துப் பிளந்தால் கத்தி முனைக்கே வழிவிடும். கூடை முடைகிறவர்களின் பிழைப்பே அதில்தான் நடக்கிறது. முறுக்கினால் நாரும் நாரும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும். சைக்கிளில் முறுக்கம் நிறைய. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஒவ்வொரு மிதியும் பெடல் அச்சு இருக்கும் அடிமூட்டைப் பக்கவாட்டில் திருகுகிறது. அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலையேறினால் இந்தத் திருகல் மணிக்கணக்கில் ஓயாது. மூங்கில் பிரேம் அங்கே சற்றே நெளிவதை ஓட்டுகிறவர் காலிலேயே உணர்வார். நல்ல தயாரிப்பாளர்கள் அடிமூட்டில் நாரைக் கூடுதலாகச் சுற்றியும், கீழே போகும் மூங்கிலைப் பருமனாகத் தேர்ந்தெடுத்தும் ஈடுகட்டுகிறார்கள்.

பிளவு விஷயம் நம் ஊர்ப் பழக்கத்தோடு நேரடியாக மோதுகிறது. நம்மிடம் சைக்கிள் என்றால் அதில் எல்லாமே பிரேமைக் கவ்வித்தான் நிற்கும்: ஸ்டாண்டு, கேரியர், பூட்டு, டைனமோ, குழந்தை சீட். எல்லாவற்றுக்கும் ஒரு கிளாம்ப், ஒரு நட்டு, ஸ்பானரால் இறுக்குகிற ஒரு கை. இரும்புக் குழாய் இதைப் பொறுத்துக்கொள்ளும். மூங்கிலை அப்படி இறுக்கினால் அன்றைக்கே நீளவாக்கில் கீறல் விடும். முன் பாரில் பெண்ணையோ பையனையோ உட்காரவைத்து டபுள்ஸ் அடிப்பதும், பின்னால் புல்லுக்கட்டு, பால் கேன் ஏற்றுவதும், அவற்றுக்கென்றே தனி மூட்டு வைத்துக் கட்டிய பிரேமில்தான் முடியும். ஒரு ஆள், ஒரு தோள்பை என்ற அளவில் ஓட்டுகிற வெளிநாட்டு வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு நம் வேலைக்கு ஆகும் என்று முடிவு கட்டக் கூடாது.

மூட்டின் கதைக்குப் பழைய வரலாறு கொஞ்சம் தேவை. 1890களில், சைக்கிள் பைத்தியம் ஐரோப்பாவைப் பிடித்திருந்த காலத்தில், லண்டனில் பாம்பூ சைக்கிள் கம்பெனி என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் நடந்தது. அதே காலத்தில் ஆஸ்திரியாவில் ஃபெர்லாக் என்ற ஊரில் குருண்ட்னர், லெமிஷ் என்ற இருவர் மூங்கில் சைக்கிள் செய்து விற்றார்கள். ஃபெர்லாக் துப்பாக்கி செய்வதற்குப் பேர்போன ஊர். உலோகக் குழாய் அவர்களுக்குக் கைவந்த கலை. அப்படிப்பட்ட ஊரில் மூங்கிலைத் தொட்டார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. அன்றைய வண்டிகளில் மூங்கில் துண்டுகளை உலோகக் குவளைகளுக்குள் செருகி இறுக்கியிருந்தார்கள். மூங்கில் காயக் காயச் சுருங்கும். உலோகக் குவளை சுருங்காது. இடையில் நூலளவு இடம் விழுந்தால் போதும், மிதிக்கு மிதி ஆடத் தொடங்கும். தையல் இல்லாத எஃகுக் குழாய் மலிவானதும் மூங்கில் வண்டிகள் அருங்காட்சியகத்துக்குப் போயின.

நூறு வருடம் கழித்து அதை மறுபடி எடுத்தவர் கலிபோர்னியாவில் கார்பன் பிரேம் செய்துகொண்டிருந்த கிரெய்க் கால்ஃபி. 1990களின் நடுவில் அவர் பட்டறை நாய் ஒரு மூங்கில் துண்டைக் கடித்து உடைக்க முயன்று தோற்றதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருக்குக் கைகொடுத்தது நாயைவிட எப்பாக்ஸி என்ற பசைதான். மூங்கில் முனைகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி வளைவாகக் குடைந்து, ஒட்டி, மேலே எப்பாக்ஸியில் தோய்த்த சணல் நாரையோ கார்பன் நாரையோ சுற்றிச் சுற்றி இறுக்கிவிட்டால், மூட்டு ஒரே கட்டியாகிவிடும். குவளைக்குள் செருகும் சங்கதியே இல்லை. இன்று உலகெங்கும் நடக்கும் மூங்கில் பிரேம் வேலை பெரும்பாலும் இந்த முறைதான். கானாவில் பெர்னிஸ் டபா 2009இல் தொடங்கிய மூங்கில் சைக்கிள் முயற்சி இதை ஒரு கிராமத் தொழிலாகவே ஆக்கிக் காட்டியது.

இந்தோனேசியாவில் சிங்கி கார்த்தோனோ வேறு வழியில் போனார். மத்திய ஜாவாவில் தெமங்குங் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவர் செய்யும் 'ஸ்பெடாகி' வண்டியில் முழு மூங்கில் கிடையாது. பெரிய மூங்கிலைப் பிளந்து, சிம்புகளாக்கி, இரண்டு இரண்டாக முகம் பார்க்க ஒட்டிக் குழாய் ஆக்குகிறார். 2022 ஜூனில் ஆஸ்திரேலியப் பிரதமர் அல்பனீசியும் இந்தோனேசிய அதிபர் ஜோகோவியும் போகோர் மாளிகைத் தோட்டத்தில் மிதித்தது இந்த வகை வண்டிதான். பிளந்து ஒட்டுவதில் வேலை கூடுதல். ஆனால் முழு மூங்கில் வெடிக்கிற மாதிரி இது வெடிப்பதில்லை. வெடிப்பு எப்படி வருகிறது என்று பார்த்தால், இந்த முறை போடிக்கு ஏன் தோதானது என்பது விளங்கும்.

காற்றில் ஈரம் 90 சதவீதம் இருக்கும் இடத்தில் மரமோ மூங்கிலோ தன் உலர் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 40 சதவீத ஈரத்தில் அது பன்னிரண்டில் ஒரு பங்காக இறங்கும். நீர் போகும்போது சுற்றளவு சுருங்க வேண்டும். முழு மூங்கில் மூடிய வளையம். எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்கினால் சரி, இல்லையென்றால் எங்காவது ஓரிடத்தில் பிளந்துதான் ஆக வேண்டும். வெளிச்சுவரில் நார் நெருக்கம், உட்சுவரில் தளர்வு. இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆகவே பிளக்கிறது. பிளந்து ஒட்டிய மூங்கிலில் இந்த இழுபறி முன்பே தீர்ந்துவிடுகிறது.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். மேலே, ஏலத்தோட்டத்து ஈரத்தில் வெட்டி, அங்கேயே கொட்டகையில் வைத்துக் காயவைத்ததாக நினைத்துக்கொண்டு, அங்கேயே பிரேம் கட்டிக் கீழே போடிக்குக் கொண்டுவந்தால், சித்திரை வெயிலில் அது வெடிக்கும். கட்டியவர் கையில் குறை இருக்காது. காய்ந்த இடம் தப்பு. நேர்மாறாக, கீழே போடியில் காயவைத்து, போடியிலேயே கட்டி மேலே கொண்டுபோனால், மூங்கில் சற்று உப்பும், வெடிக்காது. காலையில் ஏறி மாலையில் இறங்குவதால் ஒன்றும் ஆகாது. வார்னிஷ் அடித்த மூங்கில் அவ்வளவு வேகமாக நீரைக் குடிப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. வாரக்கணக்கில் எங்கே வைக்கப்படுகிறது என்பதுதான் கணக்கு. எனவே கம்பு எந்த ஊருடையதாகவும் இருக்கட்டும், காய்வதும் கட்டுவதும் சமவெளியில் நடக்கட்டும்.

எப்பாக்ஸிக்கும் இதே புத்தி பொருந்தும். மூடுபனியில் எப்பாக்ஸி இறுகினால் மேலே மெழுகுபோல ஒரு படலம் கட்டும். அதைக் கழுவித் தேய்க்காமல் அடுத்த சுற்று நார் ஒட்டினால் இரண்டும் பிடிக்காது. ஆனால் கீழே வெயிலிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சாதாரண வெப்பத்தில் தானே இறுகும் வகை எப்பாக்ஸி பலவும் 50, 60 டிகிரியிலேயே மெல்ல இளக ஆரம்பிக்கும். கோடை மத்தியானத்தில் நிழலில்லாத சுவரோரம் நிறுத்திய கறுப்பு வண்டியின் மேற்பரப்பு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். கார்பன் நார் சுற்றிய கறுப்பு மூட்டு பார்க்க அழகு; போடியில் அதற்கு வெளிர் நிறம் பூசுவது நல்லது. மூங்கிலுக்கும் எப்பாக்ஸிக்கும் சேர்த்துப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் தேவை, அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இரும்பு பிரேம் வைத்திருப்பவர் எந்தக் காலத்திலும் செய்யாத வேலை இது.

நம் பக்கத்தில் என்ன மூங்கில் கிடைக்கிறது? காய்ந்த சரிவுகளில் கல்மூங்கில். சுவர் தடித்தது, சிலவற்றில் உள்ளே வெற்றிடமே இராது. சிலம்பக் கம்புக்கு இதைத் தேடுவார்கள். வெளிநாட்டுச் சந்தையில் இதற்குக் கல்கத்தா மூங்கில் என்று பெயர், ஒரு காலத்தில் தூண்டில் கம்புக்காகக் கப்பல் ஏறியது. பின் சக்கரத்துக்குப் போகும் மெல்லிய நான்கு கால்களுக்கு இதைவிட நல்லது இங்கே இல்லை. ஓடைக்கரைகளில் பெரிய முள்மூங்கில். அது வெற்றிடம் அதிகம், பருமன் அதிகம். மெலிந்த கம்பு அல்லது நுனிப் பகுதி நேராக அமைந்தால் மேல் பாருக்கும் கீழ் பாருக்கும் ஆகும், பெரியதைப் பிளந்து ஒட்டுவதற்கும் ஆகும். மேலே ஈரக்காட்டில் ஈற்றை. பாய்க்கும் கூடைக்கும் உயர்ந்தது. சுவர் மிக மெலிது, பிரேமுக்குத் தொடவே வேண்டாம்.

கம்பு தேர்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. மூங்கில் புல் இனம். முளைக்கும்போது எந்தப் பருமனோ கடைசிவரை அதே பருமன். இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரம் தொட்டுவிடும். ஆனால் உள்ளே முற்றி இறுகுவதற்கு மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். ஆக, போன வருடக் கம்பும் நான்கு வருடக் கம்பும் பார்வைக்கு ஒன்றுபோல நிற்கும். மட்டை உதிர்ந்து, பசுமை மங்கி, தோலில் பாசித் திட்டு படர்ந்து, தட்டினால் கணீரென்று கேட்பதே முற்றியது. இளசை வெட்டிக் கட்டினால் சுருங்கி மூட்டைவிட்டு விலகும். பூத்த புதரும் வேண்டாம். முள்மூங்கில் நாற்பது ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்துச் சாகும், அந்தக் கம்பு நொறுங்கும்.

வெட்டும் காலத்தைப் பற்றித் தேய்பிறையில் வெட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிலாவுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் மழை ஓய்ந்து பனிக்காலத்தில் மூங்கிலில் மாவுச்சத்து குறைவு, உளுப்பூச்சிக்கு அந்த மாவுச்சத்துதான் சாப்பாடு, இதில் சந்தேகமில்லை. வெட்டியபின் கணுத் தடுப்புகளை நீண்ட கம்பியால் குத்தித் திறந்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஒன்றிரண்டு வாரம் ஊறவிட்டு, நிழலில் மாதக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டும். தடுப்பைக் குத்தாவிட்டால் உள்ளே மருந்தும் போகாது, ஈரமும் வெளியே வராது. அவசரப்பட்டு வெயிலில் போட்டால் ஒரே வாரத்தில் கீறிவிடும். ஆரோவில்லில் உள்ள மூங்கில் மையத்தில் இந்தப் பதப்படுத்தலைக் கற்றுத்தருகிறார்கள். திருச்சூர் பக்கம் பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மூங்கில் இனங்களையே பெருந்தொகுப்பாக வளர்த்து வைத்திருக்கிறது.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். 2017இல் மத்திய அரசு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற பட்டியலிலிருந்து எடுத்தது. எல்லாரும் அதைச் சொல்வார்கள். அது 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்துக்கான திருத்தம். தமிழ்நாட்டுக்கு 1882ஆம் ஆண்டிலிருந்து தனி வனச் சட்டம் இருக்கிறது. குரங்கணி, கொட்டகுடி சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. சொந்தத் தோட்டத்துக் கம்பானாலும் வெட்டி ஏற்றுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். கூடவே, கேரள எல்லையைத் தாண்டினால் அங்கே வேறு சட்டம்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பேச்சை நான் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுகிறேன். தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் உருக்கி எடுக்க உருக்காலையில் சுமார் 15 யூனிட் மின்சாரம் ஆகும். இரண்டு கிலோ பிரேமுக்கு 30 யூனிட். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகக் கொடுக்கும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குழாய் இழுப்பது, வெல்டிங், பெயின்ட் எல்லாம் சேர்த்தால் கணக்கு ஏறும்தான். ஆனால் மூங்கில் வண்டியிலும் ஃபோர்க், ரிம், ஸ்போக்ஸ், செயின், கிராங்க், அச்சுக் குவளைகள் அத்தனையும் உலோகமே. மூட்டிலிருக்கும் எப்பாக்ஸி மக்காது, பிரித்தெடுக்கவும் முடியாது. பழைய இரும்பு பிரேமை எடைக்குப் போட்டால் உருகி மறுபடி இரும்பாகும். மோட்டார் பைக்கை விட்டு எந்தச் சைக்கிளுக்கு மாறினாலும் கிடைக்கும் லாபத்தின் முன், அதன் பிரேம் எதனால் ஆனது என்பது சில்லறைக் கணக்கு. மூங்கிலின் நிஜமான ஆதாயம் வேறு: வெல்டிங் இயந்திரமோ ஆலையோ இல்லாத ஊரில் கை வேலையாகவே பிரேம் செய்யலாம், கூலி உள்ளூரில் நிற்கும்.

அதே காரணத்தால் அது பெருந்தயாரிப்புக்கு ஒத்துவராது. ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேசத் தரம், பிரேமின் மீது பெடல் விசையை ஒரு லட்சம் முறை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது. எடையைப் போட்டு மோதிப் பார்க்கவும் சொல்கிறது. அதில் தேறிய மூங்கில் பிரேம்கள் உண்டு. ஆனால் ஆலையில் ஓர் எஃகு பிரேம் தேறினால் அதே குழாயில் செய்த அடுத்த ஆயிரமும் தேறியதற்குச் சமம். மூங்கிலில் அடுத்த பிரேம் வேறு புதரின் வேறு கம்பு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு வருடந்தோறும் லட்சக்கணக்கில் கொடுக்கிற சைக்கிளை மூங்கிலில் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 1949இல் தொடங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வைத்தது எஃகுக் குழாயை நம்பித்தான். அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. பழுது பார்ப்பதிலும் அப்படியே. இரும்பு விட்டால் தேவாரத்திலோ கம்பத்திலோ எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒட்டித் தருவார்கள். மூங்கிலின் நடுவில் கீறினால் நீங்களே நாரைச் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம், அது சுலபம். மூட்டு விட்டால் கட்டியவரிடமே போக வேண்டும்.

தலைப்பில் கேட்டதற்குப் பதில்: இறங்கும், பளு இல்லாமல் இறங்கினால். போடிமெட்டுப் பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்பிரேக் பிடிக்கப் பிடிக்க எடையெல்லாம் முன்னே சாயும். ஃபோர்க் இரும்பு என்பதால் அது தாங்கும். சக்கரம் பள்ளத்தில் இடித்தால் அடி ஹேண்டில் தண்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மூட்டுகளில் இறங்கும். இந்தப் பக்கத்து மலையில் சுமை இறக்குவதற்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே போட்டார்கள், இன்று ஜீப் இருக்கிறது. சைக்கிள் அந்த வேலைக்கு வேண்டாம், மூங்கில் சைக்கிள் நிச்சயமாக வேண்டாம். போடி, தேனி சமவெளியில் பள்ளிக்கும் கடைக்கும் வேலைக்கும் போய்வர, ஓய்வு நாளில் முந்தல்வரை மிதித்துவிட்டு வர, நன்றாகக் கட்டிய மூங்கில் வண்டி தாராளமாகப் போதும்.

வாங்கினாலும் கட்டினாலும் இறக்கத்துக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை இவை. முழு மூங்கிலில் கணுவுக்குக் கணு இடையே நீளவாக்கில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தால் பதற வேண்டாம். எப்பாக்ஸி விட்டு மேலே நார் சுற்றுங்கள். கீறல் கணுவைத் தாண்டினாலோ மூட்டுக்குள் நுழைந்தாலோ ஓட்டுவதை நிறுத்துங்கள். நாருக்குக் குறுக்கே கீறல், நசுங்கல் எது தெரிந்தாலும் அந்த மூங்கில் முடிந்தது. மூட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் நார் கட்டு விலகுகிறது என்று பொருள். கம்பின் கீழே தரையில் மாவு கொட்டியிருந்தால் உள்ளே பூச்சி. முன்பிரேக்கை இறுகப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். டக்கென்று ஓர் ஒலி வந்தால் முதலில் ஹெட் பேரிங்கைச் சரிபாருங்கள். அது இறுக்கமாக இருந்தும் ஒலி நிற்கவில்லை என்றால் மூட்டிலிருந்து வருகிறது. அன்றைக்கு மலை வேண்டாம்.